இருபத்தாறு காவல்காரர்கள்

இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. திங்கட்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு வட்டார விளையாட்டு மையத்தின் ஜூலை மாத நீச்சல் வகுப்புகளுக்குப் பதிவு திறக்கும். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மிரான் படியேறி அண்ணன் வீட்டுக் கதவைத் திறந்தபோது, அவள் அண்ணி போக்சில், கூடத்தின் நடுவே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு பழைய லேப்டாப்பை முறைத்துக்கொண்டிருந்தாள். திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

“வா மிரான். செருப்பைக் கழட்டிட்டு நேரா இங்க வா. இந்தச் சனியனுக்கு என்ன வந்துச்சுன்னு பாரு.”

“சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேக்கலாமே அண்ணி.”

“சாப்பாடு எங்கயும் ஓடிடாது. இது ஓடணும், நாளைக்குக் காலையில.”

மிரானுக்கு நாற்பத்தொரு வயது. பக்கத்து நகரமான தேஜோனில் ஒரு வரிக் கணக்கர் அலுவலகத்தில் வேலை. நாள் முழுக்கக் கணினியில் எண்களைத் தட்டுகிறாள் என்பதால், குடும்பத்தில் எவர் வீட்டில் எந்தத் திரை இருண்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை மைக்ரோவேவ் அடுப்புக்குக்கூடக் கூப்பிட்டார்கள். அவளும் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தாள்.

விஷயம் இதுதான். விளையாட்டு மையத்தின் காலை ஆறு மணி வகுப்பில் சேர வேண்டும் என்று போக்சில் மூன்று மாதமாக முயற்சி செய்கிறாள். முன்பெல்லாம் விடியும் முன்னே முக்காலி கொண்டுபோய் வரிசையில் உட்கார்ந்தால் இடம் கிடைத்துவிடும். வசந்த காலத்திலிருந்து எல்லாம் இணையத்தில் என்று மாற்றிவிட்டார்கள். ஒன்பது மணிக்குத் திறந்தால் ஒன்பது மணி இரண்டு நிமிடத்துக்கு இடங்கள் காலி. முதல் மாதம் போக்சிலின் லேப்டாப்பில் அந்தப் பக்கம் விரியவே பத்து நிமிடம் ஆயிற்று. இரண்டாம் மாதம் வெள்ளைத் திரை. மூன்றாம் மாதம் பணம் கட்டும் இடம்வரை போய், அங்கே வட்டம் சுற்ற ஆரம்பித்து, மதியம் கீழே அவளுடைய கஞ்சிக்கடைக்கு ஆட்கள் வரும்வரை சுற்றியது.

செல்போனில் செய்யலாம் என்றால், அந்தப் பக்கம் போனில் பணம் கட்டும் இடத்துக்கு வந்ததும் கணினிக்குப் போ என்று சொல்லிவிடும்.

“தெருமுனையில விளையாட்டு நெட் சென்டர் இருக்கே அண்ணி. அங்க எல்லாம் ராக்கெட் மாதிரி ஓடும். காலையில போய் உக்காந்தா முடிஞ்சது.”

“அங்கயா? அங்க கோழிக்கடைக்காரி மகன் ராத்திரி பகலா கிடக்கான். அவன் பாத்தா அவங்கம்மா பாத்த மாதிரி. அவங்கம்மா பாத்தா மார்க்கெட்டே பாத்த மாதிரி.”

“பாத்தா என்ன? நீச்சல் வகுப்புதானே, சூதாட்டமா?”

போக்சில் லேப்டாப்பின் திரையை ஒருமுறை சாய்த்து நிமிர்த்தினாள்.

“சரி, என்கிட்ட உங்க பேரும் பாஸ்வேர்டும் குடுங்க. நாளைக்கு என் வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்து நானே போட்டுடறேன்.”

“வேணாம். நானேதான் அழுத்தணும்.”

இந்த வீம்பு மிரானுக்குப் புதிதல்ல. முப்பத்தொரு வருடமாக அண்ணன் தால்சூ இந்த வீம்போடுதான் குடும்பம் நடத்துகிறான். அலுவலகத்தில் நாளைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்ததால் மிரான் கைப்பையை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

முதலில் கண்ணில் பட்டது லேப்டாப் உட்கார்ந்திருந்த இடம். கீழே இரண்டாக மடித்த பஞ்சு மெத்தை. விசைப்பலகைமேல் சாப்பாட்டுக் கிண்ணத்தை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இழுத்துக் கட்டியிருந்தது.

“இது என்ன அண்ணி, மிச்சம் வெச்ச குழம்பா?”

“கையில எப்பவும் எள்ளெண்ணெய் இருக்கும். பட்டன்ல ஒட்டிக்கக் கூடாதுன்னு போட்டேன்.”

“மெத்தை?”

“தரை சில்லுனு இருக்கு. பழசாச்சே, பாவம்.”

மிரான் லேப்டாப்பைத் தூக்கி அடியில் கை வைத்துப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது. “இதோட மூக்கு அடிப்பக்கம் இருக்கு அண்ணி. நீங்க மெத்தையில அமுக்கிப் பிடிச்சிருக்கீங்க. மூச்சு முட்டினா எதுவும் மெதுவாத்தான் ஓடும்.” இரண்டு சமையல் புத்தகங்களை இடைவெளி விட்டு வைத்து அதன் மேல் லேப்டாப்பை நிறுத்தினாள். பிளாஸ்டிக் தாளையும் உரித்தாள். விசைகள் வாங்கிய அன்று இருந்தது போலவே இருந்தன. அந்த வகையில் அண்ணி ஜெயித்திருந்தாள்.

சூடு தணிந்தும் வட்டம் சுற்றுவது நிற்கவில்லை. பிரவுசரின் மேல் ஓரத்தில் திறந்த பக்கங்கள் ஒன்றோடொன்று நெருக்கி, சீப்பின் பல் மாதிரி மெலிந்து கிடந்தன.

“எவ்வளவு பக்கம் திறந்து வெச்சிருக்கீங்க! இதை எல்லாம் மூடலாமில்ல?”

“மூடினா போயிடுமே.”

“போனா என்ன? திரும்பத் தேடினா வரப்போகுது. இருங்க, என்னென்னன்னு பாத்து...”

போக்சில் பட்டென்று லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “நான் மூடறேன். நீ போய்க் கை கழுவிட்டு முலாம்பழம் வெட்டு.”

சமையலறையிலிருந்து மிரானுக்கு மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது. டிக், டிக், டிக். வெகுநேரம். மஞ்சள் முலாம்பழம் இரண்டைத் தோல் சீவி, நீளநீளமாக வெட்டித் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தபோது அண்ணியின் காது சிவந்திருந்தது. ஒரே ஒரு பக்கம் மிஞ்சியிருந்தது, விளையாட்டு மையத்தினுடையது.

“சமையல் குறிப்பு,” என்றாள் போக்சில், கேட்காமலே.

கீழே கடை. மேலே வீடு. கடையின் பெயர்ப்பலகையில் ‘முக்குளிப்பவள் மகள்’ என்று நீல எழுத்தில் எழுதியிருக்கும். அவர்கள் ஊரான சோங்ஜுவிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க ஒன்றரை மணி நேரமாவது பஸ்ஸில் உட்கார வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், ஜேஜு தீவிலிருந்து வந்தவள், அதுவும் கடலடியில் மூச்சடக்கிச் சிப்பி எடுக்கும் பெண்ணின் மகள், தன் கையால் கிண்டும் சிப்பிக் கஞ்சி என்றால் கேட்கவா வேண்டும். உள்ளே சுவரில் போக்சிலின் அம்மா கறுப்பு ரப்பர் உடையில், இடுப்பில் வலைப்பையோடு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரிக்கும் படம் மாட்டியிருக்கும். நீங்களும் இப்படிக் குதிப்பீங்களா என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. போக்சில் சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி கஞ்சி ஊற்றுவாள்.

மிரான் அடுத்ததாக லேப்டாப்பில் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தாள். பார்த்தவள் வாயில் வைத்த பழத்தை மெல்ல மறந்தாள்.

“அண்ணி, இத்தனை பாதுகாப்பு புரோகிராம் எங்கேர்ந்து வந்துச்சு?”

“எது?”

“பேங்க் விசைப்பலகைக் காவல். பேங்க் வாசல் காவல். இன்னொரு பேங்க் விசைப்பலகைக் காவல். இன்ஷூரன்ஸ் காவல். வரி ஆபீஸ் காவல், வரி ஆபீஸ் சான்றிதழ்க் காவல். காலேஜ் ஃபீஸ் கட்டினப்ப வந்த காவல். அடுக்குமாடி வீட்டுக் குலுக்கலுக்கு ஒண்ணு. வீட்டுப் பத்திரத்துக்கு ஒண்ணு. மீன் மொத்த விலைக்கு ஒண்ணு... மீன் விலைக்கு எதுக்குக் காவல்?”

“உள்ள போகணும்னா இதைப் போடுன்னு கேட்டுச்சு. போட்டேன். கேக்கறதை எல்லாம் போட்டாத்தானே உள்ள விடறான்.”

“மொத்தம் இருபத்தாறு!”

“நல்லதுதானே. பாதுகாப்பா இருக்கும்.”

படுக்கையறையிலிருந்து தால்சூ எட்டிப் பார்த்தான். அறுபத்திரண்டு வயது. கடையின் பார்சல்களை ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. “வரி ஆபீஸ் பையனை எடுத்துடாதே. நல்ல பையன். அவன் வந்த வருஷம்தான் பணம் திரும்பி வந்துச்சு.”

“அண்ணா, நீ உள்ள போ.” மிரான் அண்ணியின் பக்கம் திரும்பினாள். “ஒரு வீட்டு வாசல்ல இருபத்தாறு காவல்காரன் நின்னா என்ன ஆகும்? திருடன் வரானோ இல்லையோ, வீட்டுக்காரி உள்ள போக முடியாது. நீங்க ஒரு எழுத்தை அழுத்தினா இருபத்தாறு பேரும் அதைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுத்தான் விடறாங்க.”

“எடுத்துட்டா பேங்க்ல கோவிச்சுக்க மாட்டாங்களா?”

“தேவைப்பட்டா அவங்களே திரும்பப் போடச் சொல்வாங்க. வெக்கமே கிடையாது அவங்களுக்கு.”

ஒவ்வொன்றாக நீக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றும் போகும் முன்பு ஒரு கேள்வி கேட்டது. உண்மையிலேயே என்னை நீக்கப் போகிறீர்களா? உங்கள் கணினி ஆபத்துக்கு உள்ளாகலாம்.

“பாரு, அழுவுது,” என்றாள் போக்சில்.

“அழட்டும்.”

இன்ஷூரன்ஸ் காவலை எடுத்தால் காலேஜ் காவல் அதை மறுபடி கூட்டிக்கொண்டு வந்தது. காலேஜை எடுத்தால் இன்ஷூரன்ஸ் அதை அழைத்து வந்தது. இரண்டும் கைகோத்துக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது. மிரான் பல்லைக் கடித்துக்கொண்டு, இணையத்தைத் துண்டித்துவிட்டு இரண்டையும் வெளியே தள்ளினாள். நடுநடுவே லேப்டாப்பை அணைத்துப் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அது எழுந்து வருவதற்குள் குளிர்ந்த நூடுல்ஸ் ஒரு கிண்ணம் தின்று முடிக்கலாம். அப்படித்தான் தின்றார்கள்.

அந்த நேரத்தில் கோழிக்கடைக்காரி மாவு சலிக்கும் சல்லடை கேட்டு மேலே வந்தாள். மிரான் வந்திருப்பதைப் பார்த்ததும் சல்லடையை மறந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் மார்க்கெட் பெண்கள் சங்கத்துப் பொருளாளர். ஆகஸ்டில் மார்க்கெட் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஜேஜு தீவுக்குப் போவதாக ஏற்பாடு.

“உங்க அண்ணியை நம்பித்தான் போறோம் மிரான். அங்க போய் சிப்பிக்கு ஒரு பைசா தர மாட்டோம். இவ குதிப்பா, எடுத்துட்டு வருவா, நாங்க பாறைமேல உக்காந்து வாயைத் தொறப்போம்.”

“வயசாச்சு எனக்கு,” என்றாள் போக்சில்.

“உங்கம்மா எழுபது தாண்டியும் குதிச்சவங்கன்னு நீதானே சொன்னே. ரத்தத்துல ஊறினது எங்க போகும்? என் கோழிங்களே உன்னைவிட நல்லாப் பொய் சொல்லும்.”

போக்சில் சத்தமாகச் சிரித்தாள். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள் என்று மிரானுக்குத் தோன்றியது. அதற்குள் கோழிக்கடைக்காரியின் பார்வை லேப்டாப் பக்கம் போக, போக்சில் பழத்தட்டைத் தூக்கித் திரையை மறைத்தாற்போல் நீட்டினாள். “எடுத்துக்க. முழுசா எடுத்துட்டுப் போ. சல்லடையும் எடுத்துட்டுப் போ.”

அவள் போனபின் மிரான் கேட்டாள். “எதுக்கு அண்ணி இவ்வளவு மூடுமந்திரம்? ஆறு மணி வகுப்புல சேரப்போறேன்னு சொன்னா அவங்களும் கூட வருவாங்களே.”

“அதான் வேணாம்னேன். முட்டி வலிக்குது. தண்ணியில கொஞ்சம் காலை ஆட்டினா நல்லதுன்னு டாக்டர் சொன்னார். அதுக்கு ஊரையே கூட்டணுமா?”

அது நியாயமாகத்தான் பட்டது. அண்ணி இரண்டு வருடமாக முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் படியேறுகிறாள். ஆனால் இன்று மதியத்திலிருந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவள் ஒருமுறைகூட முட்டியைத் தடவவில்லை. மிரான் அதைக் கவனித்தாள், கவனித்ததை மறந்தாள். வேலை இருந்தது.

இருபத்தாறு பேரும் போனபின் லேப்டாப் எழுந்த விதமே வேறு. விசையை அழுத்தியதும் எழுத்து வந்தது. போக்சில் தன் பெயரை நான்கு தடவை தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

“இப்ப பணம் கட்டற இடம்வரைக்கும் ஒரு தடவை போய்ப் பாக்கணும். நாளைக்குக் காலையில போய் நின்னதும் காவல்காரனைப் போடுன்னு கேட்டா அவ்வளவுதான்.”

மையத்தின் இணையப் பக்கத்தில் ஒருநாள் சீட்டு ஒன்று எப்போதும் விற்பனையில் இருந்தது. அதை ஒத்திகைக்காக வாங்கினார்கள். நினைத்தது போலவே, பணம் கட்டும் இடத்தில் மூன்று காவல்காரர்களைக் கேட்டது. மூன்றை மட்டும் மறுபடி உள்ளே விட்டார்கள்.

“மூணு பேர் போதுமா?” என்றாள் போக்சில் சந்தேகமாக.

“ராஜா அரண்மனைக்கே அவ்வளவுதான் அண்ணி.”

ஆனால் சீட்டு வாங்கி முடிக்க மூன்று நிமிடம் ஆனது. லேப்டாப் இப்போது விறுவிறுவென்று இருந்தது, பக்கம்தான் துண்டுதுண்டாக வந்தது. மேல்பாதி வந்து நின்றது, பிறகு கீழ்ப்பாதி. மிரான் தன் செல்போனை எடுத்து அதே வைஃபையில் அதே பக்கத்தைத் திறந்தாள். அதிலும் அதே தள்ளாட்டம். கூடத்திலிருந்து எழுந்து போய்ப் படுக்கையறை வாசலில் நின்று பார்த்தாள். அங்கே இன்னும் மோசம்.

“அப்ப லேப்டாப் மேல தப்பில்ல. காத்துல வரதே குறைச்சலா வருது. வைஃபை பெட்டி எங்க இருக்கு?”

“கிம்ச்சி ஃபிரிட்ஜ் மேல,” என்றாள் போக்சில்.

கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் ஃபிரிட்ஜின் மேல் வைஃபை பெட்டி தெரியவில்லை. சாதம் பிசையும் பெரிய உலோகக் குண்டான் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு வயர் எலிவால் மாதிரி வெளியே வந்தது.

மிரான் குண்டானைத் தூக்கினாள். உள்ளே நாலு பச்சை விளக்குகள் கண்சிமிட்டின.

“அண்ணா!”

தால்சூ வந்து நின்றான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையில் வைத்தான். அதுவே பதிலாகிவிட்டது.

“அதுலேர்ந்து அலை வருதாம்,” என்றான். “முடிக்கு நல்லதில்லன்னு போன்ல ஒருத்தன் சொன்னான். எனக்கு இனிமே எவ்வளவு மிச்சம் இருக்கு? அதையாவது காப்பாத்திக்கலாம்னுதான்.”

“எப்பலேர்ந்து மூடி வெச்சிருக்கே?”

“மார்ச் மாசம்.”

போக்சில் மெதுவாகத் திரும்பினாள். “மார்ச்சா? மூணு மாசமா நான் அந்த லேப்டாப்பைக் கும்பிட்டுக் கும்பிட்டு உக்காந்திருந்தேன். நீங்க பக்கத்துல நின்னு, பாவம் பழசு, பாவம் பழசுன்னு உச்சுக்கொட்டினீங்க.”

“பழசுதானே அது.”

“உங்க முடியைவிடவா?”

மிரான் குண்டானைக் கழுவி அடுக்கில் கவிழ்த்தாள். அதோடு விடவில்லை. ஃபிரிட்ஜ் பின்னால் தூசியோடு சுருண்டு கிடந்த நீள வயரை எடுத்துத் துடைத்து, பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு நேராக இழுத்து மாட்டினாள். அலையும் வேண்டாம், முடியும் பிழைக்கட்டும் என்றாள். பக்கம் கண்ணிமைப்பதற்குள் வந்து நின்றது. போக்சில் அதை மூடித் திறந்தாள். மறுபடி வந்தது. மறுபடி மூடித் திறந்தாள்.

“போதும் அண்ணி, தேஞ்சிடும்.”

காலையில் மிரான் எழுந்தபோது போக்சில் முகம் கழுவி, தலை சீவி, லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக்கு வந்த பெண் போல முதுகு நிமிர்ந்திருந்தது. திரையின் ஓரத்தில் நொடி காட்டும் கடிகாரப் பக்கம் ஒன்றை மிரான் திறந்து வைத்தாள். அந்தக் கடிகாரம் வீட்டுக் கடிகாரத்தின்படி ஓடாது. விளையாட்டு மையத்துக் கணினியின் நேரத்தைக் காட்டும். ஊரில் யார் எதற்குப் பதிவு செய்தாலும் அதைப் பார்த்துத்தான் விரலை வைப்பார்கள்.

“முன்னாடியே அழுத்திடாதீங்க. எட்டு ஐம்பத்தொன்பதுல அழுத்தினா வெளிய தள்ளிடும்.”

“தெரியும்.”

“நான் வேணா அழுத்தவா?”

“கையைத் தொட்டே, கஞ்சிக் கரண்டி பறக்கும்.”

தால்சூ சுவரோரம் நின்றுகொண்டான். நேற்றிலிருந்து எதையும் தொடக்கூடாது என்று அவனுக்கு உத்தரவு.

ஒன்பது ஆனதும் போக்சில் அழுத்தினாள். ஒரு சின்னச் சாளரம் திறந்தது. உங்களுக்கு முன்னால் முப்பத்தெட்டு பேர். முப்பத்தெட்டு என்பது ஒன்றுமே இல்லை. போன மாதம் அறுநூறு என்று காட்டியதாக அண்ணி சொல்லியிருந்தாள். எண் சரசரவென்று இறங்கியது. வகுப்புகள் விரிந்தன. காலை ஆறு மணிக்கு இரண்டு வகுப்பு. மேலே ஆரம்ப வகுப்பு, மீதி ஐந்து இடம். கீழே உயர்நிலை வகுப்பு, மீதி பதினேழு.

“கீழ நிறைய இருக்கு அண்ணி, பதறாம...” என்று மிரான் சொல்லி முடிப்பதற்குள் போக்சிலின் விரல் வேலையை முடித்திருந்தது. பணம் கட்டும் பக்கம் ஒரே வீச்சில் வந்தது. மூன்று காவல்காரர்களும் மரியாதையாக வழிவிட்டார்கள். போனுக்கு வந்த ஆறு எண்களை அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள். பதிவு முடிந்தது என்று திரையில் வந்தது.

போக்சில் இரண்டு கையாலும் தரையை அடித்தாள். பிறகு எழுந்து தால்சூவைக் கட்டிக்கொண்டாள். அவன் பயந்துபோய், “நான் எதையும் தொடல,” என்றான்.

மிரான் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அண்ணி, இதுல ஆரம்ப வகுப்புன்னு போட்டிருக்கு. மேல இருக்கறதை அழுத்திட்டீங்க.”

“ஆமாமா, அவசரத்துல. விடு.”

“விடறதா? ஆரம்ப வகுப்புன்னா தொட்டி ஓரத்தைப் பிடிச்சுட்டுக் காலை உதைக்கச் சொல்வாங்க அண்ணி. பலகையைக் குடுத்து மிதக்கச் சொல்வாங்க. உங்களுக்கு எதுக்கு அது?”

“முட்டிக்கு அதுவே போதும்.”

“மூணு மாசம் தவம் இருந்து கடைசியில தப்பான வகுப்பா! என் அரைநாள் லீவு என்ன ஆகறது?”

“அதை அப்புறம் பாத்துக்கலாம். கடை திறக்கணும்.” போக்சில் பாட்டு முணுமுணுத்தபடி கீழே இறங்கினாள். முட்டியைப் பிடிக்காமல் படி இறங்கினாள்.

ஒரு வேலையைத் தொட்டால் முழுதாக முடிக்காமல் மிரானால் இருக்க முடியாது. வரிக் கணக்கில் ஒரு பத்து வோன் காசு இடித்தாலும் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தேடுகிறவள். இவ்வளவு தூரம் வந்தபின் அண்ணி, தண்ணீர்ப் பாம்பு மாதிரி நீந்த வேண்டியவள், குழந்தைகளோடு பலகையைப் பிடித்துக்கொண்டு மிதப்பதா? இறங்கிப் போகும்போதே விளையாட்டு மையத்துக்குப் போன் போட்டாள். வரிசையில் காத்திருக்கச் சொல்லி இசை ஓடியது. ஒலிபெருக்கியை அழுத்திப் போனைக் கடை மேசைமேல் வைத்துவிட்டு, கிண்ணங்களைத் துடைக்க ஆரம்பித்தாள்.

கடையில் கோழிக்கடைக்காரி சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்து, பொடிக் காபியைக் கலக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தால்சூ பார்சல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். போக்சில் அடுப்பில் அரிசியை எள்ளெண்ணெயில் வறுத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பாட்டு இது காலங்காத்தால?” என்றாள் கோழிக்கடைக்காரி.

“விளையாட்டு மையம். அண்ணி நீச்சல் வகுப்புல இடம் பிடிச்சாச்சு. தப்பான வகுப்புல பதிஞ்சுட்டாங்க, அதை மாத்தத்தான்.”

வறுக்கும் சத்தம் நின்றது. “மிரான், அந்தப் போனை வை.”

இசை நின்றது. “வணக்கம், விளையாட்டு மையம், சொல்லுங்க,” என்றது ஒரு இளைஞன் குரல்.

மிரான் விஷயத்தைச் சொன்னாள். ஜூலை, காலை ஆறு மணி, பெயர் யாங் போக்சில், ஆரம்ப வகுப்பில் தவறாகப் பதிந்துவிட்டார், உயர்நிலைக்கு மாற்ற முடியுமா?

“யாங் போக்சில்... இருங்க. அந்தக் கஞ்சிக்கடை அம்மாவா? முக்குளிப்பவள் மகள்? நான் வாராவாரம் வருவேன்!” குரல் குதூகலமானது. “அவங்களைப் போய் ஆரம்ப வகுப்புலயா போட்டுச்சு! இப்பவே மாத்திடறேன். உயர்நிலையில இன்னும் இடம் இருக்கு.”

“வேணாம் தம்பி, இருக்கட்டும்,” என்று போக்சில் அடுப்படியிலிருந்து கத்தினாள். கரண்டியோடு மேசைக்கு வந்துவிட்டாள். “நான் இதுலயே இருந்துக்கறேன்.”

“அதுல ஒரு சிக்கல் இருக்குங்கம்மா. நீந்தத் தெரிஞ்சவங்க ஆரம்ப வகுப்புல இடம் பிடிச்சுக்கறாங்கன்னு நிறையப் புகார். தெரிஞ்சவங்க பேரை அதுலேர்ந்து எடுக்கச் சொல்லிட்டாங்க. வெளிய நூத்துக்கணக்குல காத்துட்டு இருக்காங்க பாருங்க. உயர்நிலைக்கு வந்துடுங்க, உங்களுக்கென்ன, மீன் மாதிரி போவீங்க.”

“முட்டி வலி தம்பி.”

“அதுக்குத் தனியா மதியம் தண்ணிப் பயிற்சி வகுப்பு இருக்கு. அதுல போடவா?”

“மதியம் கடை.”

“அப்ப உயர்நிலைதான். மாத்திடட்டுமா?”

“அட, மாத்தச் சொல்லு போக்சில்,” என்றாள் கோழிக்கடைக்காரி, காபியை உறிஞ்சியபடி. “ஆகஸ்டுக்கு ஒத்திகை ஆச்சு.”

“நல்ல யோசனை,” என்றான் தால்சூ. “பாவம், கத்துக்க வரவங்களுக்கு அந்த இடத்தை விட்டுடு.”

மிரான் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குள் முடிச்சு ஒன்று மெதுவாக அவிழ்ந்தது. நெட் சென்டர் வேண்டாம் என்றது, நானேதான் அழுத்துவேன் என்றது, தன் பக்கம் திருப்பிக்கொண்டு மூடிய அத்தனை பக்கங்கள், சிவந்த காது. போனை அணைக்கக் கை நீட்டினாள். ஆனால் அந்தப் பையன் முந்திக்கொண்டான்.

“சரிங்கம்மா, பதிவுக்காக ஒரே ஒரு கேள்வி. ஆமா, இல்லைன்னு சொன்னா போதும். உங்களுக்கு நீச்சல் தெரியும்தானே?”

கரண்டியிலிருந்து எள்ளெண்ணெய் ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. போக்சில் கணவனைப் பார்த்தாள், கோழிக்கடைக்காரியைப் பார்த்தாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், இடம் போய்விடக்கூடாதே என்ற பயத்தில், தெருவுக்கே கேட்கும் குரலில் சொன்னாள்.

“தெரிஞ்சது எங்கம்மாவுக்குத் தம்பி! எனக்கு நீச்சல் தெரியாது!”